வெட்டாமல் விட்டது

முதல் படத்தில் கைதான் தவறு.
லினோவில் வலமாக வெட்டினால்
தாளில் இடமாக விழும்.
முதல் வருட மாணவனுக்கே தெரிந்த சங்கதி.
சுடலைமாடன் எந்தக் கையில் அரிவாள் பிடிப்பார் என்று
நான்தான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

மூன்று மண்டையோடு, தொங்கும் நாக்கு, உருட்டிய விழி.
மண்டையோடுகளை
நாகர்கோவில் பஸ்ஸில் ஓடிய ஏதோ சினிமாவிலிருந்து எடுத்தேன்.
தலைப்பு: 'பில்லி'.
சென்னையில் இரண்டு பிரதி விற்றது.
வாங்கியவர்களில் ஒருவர்,
'ஹாலுக்கு வேண்டாம், மாடிப்படி ஓரம் மாட்டுகிறேன்' என்றார்.

முருகன்குறிச்சியில் மாடியில் என் பட்டறை.
மின்சாரம் போன ஒரு மதியம்
வாரியத்திலிருந்து மாசானம் வந்தார்.
ஏணியில் நின்றபடி
கொடியில் கிளிப் போட்டுக் காயும் படத்தைப் பார்த்தார்.
வாயில் கடித்திருந்த டெஸ்டரை எடுத்துவிட்டு,
"இது யாரு?"

சொன்னேன்.

"எடது கையில நாங்க காசுகூட வாங்க மாட்டோம்.
இவரு எதுக்கு அருவாளப் புடிக்காரு?"

ஃபியூஸ் கட்டினார். விளக்கு எரிந்தது.
உருளையில் ஒட்டியிருந்ததை மோந்து பார்த்தார்.
"நீங்களும் மை போட்டுத்தான் பாக்கியளா?"
சிரித்தார்.
"எங்க ஊர்ல நான்தான் ஆடுவேன். சித்திரையில கொடை. வாங்க."
கோபப்பட்டிருந்தால்
எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சீவலப்பேரிக்கு அந்தப்பக்கம் அந்த ஊர்.
மகுடத்தை நெருப்பில் காட்டி முறுக்கேற்றினார்கள்.
தோல் சூட்டில் இறுகுகிறது;
நான் மொட்டைமாடி வெயிலில் வைக்கும் லினோ
சூட்டில் இளகும்.
நோட்டில் இதை மட்டும் எழுதிக்கொண்டேன்.

சாமி வந்து நின்றபோது
ஒருத்தி முன்னால் வந்தாள்.
திருப்பூருக்குப் போன மகன், பதினான்கு மாதம், பேச்சில்லை.
அதட்டல் வரும், பரிகாரம் வரும்,
கோழியோ ரூபாயோ கேட்பார் என்று
பென்சிலோடு காத்திருந்தேன்.

"வருவான்னு சொல்லத் தெரியல, தாயி.
அதுவரைக்கும் ஒன் வாசல்ல நான் நிக்கேன்."

திருநீறு பூசிய கை
அவள் உச்சியிலேயே வெகுநேரம் இருந்தது.
வலது கை.

நடுச்சாமத்தில் வேட்டைக்குப் போக வேண்டும்.
தெருவிளக்கின் ஃபியூஸைச் சாயங்காலமே பிடுங்கி
மனைவி பிரம்மசக்தியிடம் கொடுத்திருந்தார்.
அவள் அதை முந்தானையில் முடிந்திருந்தாள்.
ஊர் கதவடைத்தது.
"நீங்களும் உள்ள வாங்க."
'சுடுகாட்டில் என்ன நடக்கும்?' என்றேன்.
"கட்டி இருவத்திரெண்டு வருசமாச்சு.
நான் கேட்டதில்ல."

இருட்டில் சல்லடத்து மணிகள் எங்களைக் கடந்து
ஆற்றுப் பக்கம் போயின.
பிறகு தவளைகள்.
பிறகு தவளைகளும் இல்லை.

வைகாசி முழுக்க ஒரே தகடு.
ஒன்றரை அடி, குறுக்கில் ஒரு அடி.
வலது கையை இடப்பக்கம் வரைந்து
முகம் பார்க்கும் கண்ணாடியில் சரிபார்த்தேன்.
கதவிடுக்கு, முந்தானை முடிச்சு,
ஒருத்தியின் உச்சி, அதன்மேல் ஐந்து விரல்,
மணிச்சத்தத்துக்குப் பொடிக் கீறல்கள்.
மேல் பாதிக்கு உளி போனது.
நின்றது.

இந்த வேலையில் வெட்டியதெல்லாம் வெள்ளை.
விட்டதுதான் மை வாங்கும்.
பார்க்கிறவர்கள் அதைச் சும்மா விட்ட இடம் என்பார்கள்.
ஆக அதிக மை அதற்குத்தான் போனது.
எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து
தோள்பட்டை கழன்றது.

மாசானம் முதலில் கையைப் பார்த்தார்.
பிறகு அந்தக் கறுப்பின்மேல் ஒரு விரல் வைத்தார்.
காயவில்லை, ஒட்டியது.
துடைக்கவில்லை.
"நல்லாப் போயிருக்கிய," என்றார்,
"எங்க நிக்கணுமோ அங்க நின்னுருக்கிய."

மிச்சமிருந்த 'பில்லி' பத்தையும் கிழித்தேன்.
வாங்கிய இருவருக்கும் கடிதம் போட்டேன்:
பணத்தைத் தருகிறேன், படத்தைத் தாருங்கள்.
ஒன்று வந்தது.

அண்ணாநகரில் ஏதோ மாடிப்படி ஓரம்
அவர் இன்னும்
இடது கையில் பிடித்தபடி நிற்கிறார்.