எடை குறைவு

முக்கூடல் ரேஷன் கடையில்
இருபத்தாறு வருஷம் எடை போட்டவள் நான்.
நூறு கிராம் குறைந்தால்
சாக்கைத் தராசிலேயே விட்டுவிட்டுச்
சண்டைக்கு நிற்பார்கள்.
நிற்கத்தான் வேண்டும்.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் என்னை நிறுத்தார்கள்.
செருப்பில்லாமல் நாற்பத்தொன்பது கிலோ.
குடலில் ஒரு சாண் வெட்டியெடுத்து
தையல் ஆறி ஆறு வாரம்.
இனி மருந்து, என்றார்கள்.
என் பையிலோ ஏற்கெனவே
சர்க்கரைக்கு ரெண்டு, பிரஷருக்கு ஒன்று,
நெஞ்சுக்கு ஒன்று, உறங்க ஒன்று,
எதுக்கென்றே மறந்துபோன மஞ்சள் ஒன்று.

டாக்டர் பரக்கத் நிஷா, மேலப்பாளையத்துப் பிள்ளை,
எல்லாத்தையும் மேஜையில் கொட்டச் சொல்லி
அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி
ரெண்டைப் பொறுக்கித் தள்ளினாள்.
மஞ்சளும் அதில் போயிற்று.
"எழும்பி, கதவு வரை நடந்து, திரும்பி வந்து உக்காருங்க பெரியம்மா."
வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பதினாறு வினாடி.
கிரியாட்டினின் ஒண்ணு புள்ளி எட்டு.
"வீட்ல யாரு இருக்கா?"

"அவிய இருக்காவ."
எழுபத்தொன்பது வயசு.
வலப்பக்கம் விழுந்து நாலு வருஷம்.
சில நாள் நான் ஜெயசீலி,
சில நாள் செத்துப்போன அவர் தங்கச்சி.
தினமும் காலையில் நான்தான் சவரம் செய்து விடுகிறேன்.
தாடைக்கு அடியில் ஒரு பள்ளம்.
அங்கே பிளேடு இறங்க
விரலுக்குக் கண் வேண்டும்.

அதைத்தான் கேட்டேன்:
"இந்த மருந்து விரல என்ன செய்யும் தாயி?"

பேனாவை மூடி வைத்தாள்.
"ஊசியும் சேத்தா மரத்துப்போகும்.
சிலருக்குத் திரும்பி வராது.
ஒங்களுக்குச் சர்க்கரையில பாதம் ஏற்கெனவே பாதி போச்சு.
இந்த வயசுல ஊசியால கூடக் கிடைக்கிறது சொற்பம்.
சொற்பம்னா, ஒண்ணுமில்லன்னு இல்ல."
அந்தக் கடைசி வரியை
அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம்.
விடவில்லை.

மாத்திரை மட்டும் போதும் என்றேன்.
அதிலும் கிட்னிக்காகக் கால்வாசி குறைத்து எழுதினாள்.

அபுதாபியிலிருந்து மகன் கத்தினான்:
"கொறச்சா குடுக்காவ? முழுசாப் போடச் சொல்லும்மா,
மெட்ராசுக்குப் போவோம்."
தராசை விட்டு நகராத பிள்ளை.
என் வயிற்றில் பிறந்தவன்தானே.

அன்று ராத்திரி எனக்கும் உறக்கமில்லை.
கடையில் குறைந்த எடை
யாரோ ஒருவன் வீட்டுக்குப் போய்ச் சேரும்.
இந்தக் கால்வாசி எங்கே போகும்?
ஆற்றுப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டேயிருந்தது.

இன்று மூன்றாவது சுற்று முடிகிறது.
உள்ளங்கை சிவந்து தோல் உரிகிறது.
தேங்காயெண்ணெய் தடவி, ஊதி ஊதி ஆற்றி,
துணி சுற்றிய கையால் பிளேடைப் பிடிக்கிறேன்.
நுனி விரல் மட்டும் வெளியே.
முகவாயைத் தூக்கிக் காட்டுகிறார்.

முடித்ததும்
இடக்கையால் தடவிப் பார்த்தார்.
பள்ளத்தில் நாலு மயிர் தப்பியிருந்தது.
"யாரு வழிச்சா? கொறையா இருக்கே."

நாளைக்கு எடுக்கேன், என்றேன்.