பாவிய தரை

பொகவந்தலாவைக்குக் கீழே
கெசல்கமுவ ஓயாவில் மூன்று இரவு
இடுப்பளவு நீரில் நின்று அரித்தான் எபநேசர்.
போலீஸ் வெளிச்சம் தேயிலைமேல் நகரும்போது
கூடையோடு முங்கிக் கிடந்தான்.
நாலாம் விடியலில் என் கையில் வைத்தது
மோர்நிறத்தில் ஒரு கலங்கல் கல்.
"சுட்டால் நீலமாகும்" என்றான், பல் தந்தியடிக்க.

அந்த ஞாயிறு உபதேசியார் வாசித்தார்:
எழுபது மூப்பர் மலையேறிக் கடவுளைக் கண்டார்களாம்.
முகம் எப்படியென்று ஒருவரும் சொல்லவில்லை.
பாதத்துக்கு அடியில் நீலக்கல் பாவிய தளம்,
மழை வெளுத்த வானம்போல.
அப்புறம் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம்.

நீலம் பரலோகத்தின் நிறம், உண்மையின் நிறம்
என்று அவர் விளக்கிக்கொண்டே போனார்.
எனக்கோ தராசடி ஞாபகம்.
இருபது கிலோவுக்குக் குறைந்த நாளில்
கணக்கப்பிள்ளையின் சப்பாத்தைத் தவிர
எதைப் பார்த்தேன்?
செங்கல் கணக்குக் கொடுத்தே வளர்ந்தவர்களுக்கும்
கண் கீழேதான் போயிருக்கும்.
போன இடத்தில்
அவர்கள் கையால் அறுத்த செங்கல்தான்
அப்படி நீலமாய்க் கிடந்ததோ,
அதன்மேல்தான் அவர் நின்றாரோ,
யாரிடம் கேட்பேன்?

கல்லைச் சுட எங்களிடம் உலை இல்லை.
பலாங்கொடை வியாபாரி பதினெட்டாயிரம் எண்ணினான்.
ஐந்து மூடை சீமெந்து, கொஞ்சம் ஆற்றுமணல்.
தொங்கல் காம்பராவின் சாணித்தரைக்கு
ஒரு முடிவு கட்டினோம்.

பூசிய அன்று, காயுமுன்னே,
ஒரே எட்டில் தாண்டப்பார்த்துக்
காலூன்றிவிட்டாள் சின்னவள் பெர்சியாள்.
கரண்டியோடு வந்தவனைத் தடுத்தேன்.
ஐந்து விரலும் பதிந்த அந்த ஒரு காலடி
அப்படியே கிடக்கட்டும்.

மழை விட்டிருந்தது.
ரொட்டியும் கட்டச்சம்பலும் எடுத்துக்கொண்டு
வாசற்படியில் உட்கார்ந்தோம்.