ஆதரவு முடிந்தது

மண்டூர்ப் பாதையில் வாவி கடந்து
குருமண்வெளியில் இறங்கி
அரிசிப் பைக்குள் சுற்றிக் கொண்டுவந்த டெப்பை
யோகமலர் என் மேசையில் வைத்தாள்.
"வாய் அடைச்சுப் போச்சுகா இதுக்கு."

பன்னிரண்டு வருசப் பழசு.
ஒரு மூலையில் வெடிப்பு, வெடிப்பின் மேல் பிளாஸ்டர்.
படத்தைத் தொட்டால் சொல்லைச் சொல்லும் செயலி
போன கிழமையிலிருந்து
ஒரே வசனத்தைத்தான் காட்டுகிறது:
இந்தச் சாதனத்துக்கான ஆதரவு முடிந்தது.

ஆதரவு.
களுவாஞ்சிகுடிப் பிரதான வீதியில்
பார்மசிக்கு மேல்மாடியில் ஒன்பது வருசம் இருக்கிறேன்.
இந்தச் சொல்லை மனிசருக்குச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.
நாதியில்லை என்பதை
கம்பனிக்காரன் எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறான்.

நிவர்சனுக்குப் பதினாலு வயது. பேச்சில்லை.
பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு
என் டப்பாவிலிருந்த திருகாணிகளை
அளவு பார்த்துப் பிரித்தான்.
சரியாகவே பிரித்தான்.

புதிதாய் ஒன்று வாங்குங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் விரலில் அரிவாள் தழும்பு.
"வச்சிட்டுப் போங்க" என்றேன்.

இரவு டேட்டா தொடங்கும் பன்னிரண்டு மணிக்குத்
தேடிப் பிடித்தேன்.
எந்த நாடோ, ஆணோ பெண்ணோ,
கைவிடப்பட்ட இதே மாடலுக்கு
ஒரு புதிய சிஸ்டத்தைத் தனியாகத் தைத்து வைத்திருந்தது ஓர் உயிர்.
கீழே குறிப்பு:
கமரா வேலை செய்யாது, மன்னிக்கவும்.
என்னிடமும் இந்த ஒன்றுதான் இருக்கிறது.

அனைத்தும் அழியும், சம்மதமா?
அதற்கு முன் அள்ளியெடுத்தேன்
நூற்றெண்பத்தேழு படங்களை,
அவற்றுக்குள் இருந்த அவள் குரலை.
கிணறு. தோணி. பசிக்குது. மாமா வேணாம்.
ஒன்று மட்டும் திறக்கவே இல்லை.

சம்மதம்.

முதல் தரம் லோகோ வந்தது, போனது, வந்தது,
வாசலில் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாய் நிற்கும்
விருந்தாளி மாதிரி.
இரண்டாம் தரம் வயர் லூஸ்; றப்பர் பட்டி போட்டுக் கட்டினேன்.
மூன்றாம் தரம் அறுபத்திரண்டு வீதத்தில் கரண்ட் போனது.
என் லெப்டொப் பற்றரி பன்னிரண்டு நிமிசம் தாங்கும்.
பதினொன்றில் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தார்கள்.
கமரா செத்துப்போச்சு என்றேன்.
"அது ஆருக்கு வேணும்" என்றவள்
வரிசை வரிசையாய்ப் பார்த்துவந்து நின்றாள்.
"யானை எங்க?"

திறக்காத படம்.

"இரவில இவன்தான் முதல் கேக்கிறவன்,
நாய்க்கும் முன்னால.
அத அமத்தித்தான் எங்கள எழுப்புவான்."

பில் துண்டின் பின்பக்கம் ஒரு யானை கீறினேன்.
பன்றி மாதிரி வந்தது.
நிவர்சன் பேனையை வாங்கித் தும்பிக்கையை நீட்டிவிட்டான்.
என் போனில் படமெடுத்து உள்ளே போட்டேன்.
பிறகு குரல்.
அவள் குனிந்து, சுவருக்கும் கேட்காமல், யானை என்றாள்.
"இதுக்கு ஆர் எழும்புவாங்க?" என்றேன்.
மூச்சை இழுத்துக் கத்தினாள்.

அவன் அமத்தினான்.
யானை!
கீழே பார்மசிக்காரர் வெளியே வந்து
வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார்.
யானை! யானை!
நிவர்சனுக்குத் தோள் குலுங்கச் சிரிப்பு.

சிரித்து முடிந்து
டெப்பின் முதுகைத் தடவினான்.
பழைய உடம்பு, புதிய சுமை.
தேடி, அடுப்புப் படத்தைத் தொட்டான்.
சூடு, என்றது அவள் குரல்.

பிளாஸ்டர் ஒட்டிய மூலையில் வாயை வைத்து
ஊதத் தொடங்கினான்.