நாற்பத்திரண்டு ரூபாய்க் காலை

மீனாட்சிபுரம் சோதனைச்சாவடிக்கு இப்பால்
பால் குளிரூட்டும் நிலையத்துக்காக
மூன்று பேரை ஜாவாவில் எழுதி வைத்திருந்தேன்.
மூவருக்கும் ஒரே இன்டர்ஃபேஸ், ஒரே வேலை:
பாலைக் காட்டினால் விலை சொல்லணும்.

ஒருவன் பாலக்காட்டு விலைப்பட்டியல் படித்தவன்.
இன்னொருவன் பொள்ளாச்சிக் கணக்கு.
மூன்றாமவன் என் சோம்பலுக்குப் பிறந்தவன்.
கொழுப்பு பார்க்க மாட்டான், அடர்த்தி கேட்க மாட்டான்,
எதை நீட்டினாலும்
நாற்பத்திரண்டு என்பான்.
சோதனைக்கு வைத்த பொம்மை.

ரசீது போடும் நிரலுக்கு
வருவது யாரென்று தெரியாது. தெரியவும் கூடாது.
அப்படித்தான் எழுதணும் என்று
பெருமையாகத்தான் எழுதினேன்.
விலைசொல்லி ஒருத்தர் வேணும் என்று அது கேட்கும்,
ஸ்பிரிங் ஓர் ஆளைக் கொண்டுவந்து விடும்.
மூவர் நின்றால் யாரை அனுப்புவதென்று குழம்பி
தொடங்கவே மாட்டேன் என்று அலறும்.
அந்த அலறலை அடக்க
ராத்திரி பதினொன்றரைக்கு, அரைத்தூக்கத்தில்,
ஒருவன் தலைக்கு மேல் ‘முதன்மை’ என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

தலை மாறிப்போச்சு.

ஐந்தேகாலுக்கு முதல் கேன்.
வேலாயியின் பால்,
எப்போதும் கொஞ்சம் கிணறும் சேர்ந்தது: நாற்பத்திரண்டு.
பீர்முகமது ராவுத்தரின் எருமைப்பால்: நாற்பத்திரண்டு.
கோவிந்தாபுரம் வண்டியில் வந்த பதினாறு கேனும்
நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு.
திரையில் சிவப்பாக ஒரு வரி இல்லை.
கேட்ட வடிவில் பதில் வந்தது.
அதற்கு அது போதும்.

ராவுத்தர்தான் ரசீதை வெளிச்சத்தில் பிடித்து,
“ஏம்மா, ராவோடு ராவா
என் எருமையெல்லாம் பசுவாயிருச்சா?” என்றார்.

செயலர் விலாசினி சேச்சி போனில் கத்திய மலையாளத்தில்
எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதி போதுமாயிருந்தது.
ஏழு நாற்பதுக்குத் திருத்தினேன்.
ஒரே வரி. ரசீது நிரலைத் தொடக்கூட இல்லை.
அதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு என்று
அன்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

ராவுத்தருக்குக் குறைந்ததைக் கொடுத்தாச்சு.
வேலாயிக்குக் கூடியதைத்
திருப்பிக் கேட்கும் வேலை ஒவ்வொரு மேசையாக நகர்ந்து
எங்கோ காணாமல் போனது.

மறுநாள் அவள் எட்டிப் பார்த்தாள்,
எடைமேடைக்குப் பின்னால், திரைக்குப் பின்னால்.
“நேத்து இருந்த ஆளு வரலையா கண்ணு?”
“லீவு” என்றேன்.
“தங்கமான ஆளு” என்று சொல்லிக்கொண்டே
கேனைக் கவிழ்த்தாள்.

முப்பத்தொன்று ஐம்பது.