தவளைக்கு மொழிபெயர்த்தவன்

தினமும் பனைகளை எண்ணுவார் கப்பித்தான் ஹோல்க்.
நேற்றுப் பதினேழு. இன்றும் பதினேழு.
"அப்படியானால் ஒன்று போய்
வேறொன்று வந்து நிற்கிறது" என்பார்.
எழுதிக்கொள்வேன்.
எழுதத்தானே எனக்கு மாதம் நாலு வராகன்.

தரங்கம்பாடியில் கிளம்பும்போது முந்நூறு பேர்.
குடமுருட்டிக் கரையில் கூடாரம் அடித்தபோது நூற்றுப் பத்து.
மிச்சத்தைக் காய்ச்சல் தின்றது.
எதிரி தின்றதாக எழுதச் சொன்னார்.
எந்த எதிரி என்று நான் கேட்கவில்லை.
சோற்றை முதலில் நாய்க்கு வைப்பார்;
நாய் சாகவில்லையென்றால்
நாயையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று
சங்கிலியை இன்னொரு கண்ணி இறுக்குவார்.
"நீ எந்த பாஷையில் துரோகம் நினைக்கிறாய், துபாஷி?"
என்று ஒருமுறை கேட்டார்,
தோளில் கைபோட்டு, சிநேகமாக.

ஐப்பசி. ராவெல்லாம் தவளை.
மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு
"என்ன சொல்கின்றன?" என்றார்.
"மழையைக் கூப்பிடுகின்றன."
"யாருடைய மழையை?"

விடிந்ததும் உத்தரவு: தென்கரையை வெட்டு.
அங்கே பதுங்கிய படையை மூழ்கடிக்க வேண்டுமாம்.
அங்கே இருந்தது
நட்டு இருபது நாளான சம்பா,
ஒன்பது ஊர்,
மேட்டில் ஒரு சுடுகாடு.

இடம் காட்ட மடைக்காரன் குப்பாண்டியை
இழுத்து வந்தார்கள்.
காலில் விழுந்தான்.
"பச்சப் பயிரு சாமி! கரையத் தொடாதீங்க,
என் தலைய வேணா வெட்டுங்க!"

கப்பித்தான் என் வாயைப் பார்த்தார்.
யோசித்தேன் என்று சொன்னால் பொய்.
வற்றிய வாய்க்காலில் கெண்டை புரள்வதுபோல்
நாக்கு தானாகப் புரண்டது:

"சீக்கிரம் வெட்டச் சொல்கிறான், துரையே.
இதற்காகத்தான் அவர்கள் காத்திருக்கிறார்களாம்."

நீலக் கண் சுருங்கியது.
குப்பாண்டி மார்பில் அறைந்துகொண்டு அழுதான்.
"ஏன் அழுகிறான்?"
"ஆனந்தம்."
அவன் அழ அழ
அவசரப்படுத்துவதாக ஆயிற்று.
நெற்றியை மண்ணில் மோதியது
வெட்டவேண்டிய இடத்தைக் காட்டியதாக.
பிள்ளைகுட்டி பேரைச் சொல்லிக் கதறியது
ஒற்றர்களின் பட்டியலாக.
ஐந்து பேர். கடைசிப் பெயர் பொன்னுருவி,
பால்குடிப் பிள்ளையாம். அதையும் எழுதச் சொன்னார்.

"பார்த்தாயா" என்றார் மெல்ல,
"தவளைகள் சொன்னதும் இதைத்தான்."
"ஆமாம் துரையே. வெட்டு வெட்டு வெட்டு என்றுதான்
ராவெல்லாம். எனக்குத்தான் உறைக்கவில்லை."

மண்வெட்டிகள் திரும்பின.
கரைக்குக் காவல் போட்டார், கஜத்துக்கு ஒரு சிப்பாய்.
அடைமழையில் கரை கசிந்த இரவு
தன் மெத்தையைத் தானே கிழித்து, மண் திணித்து,
முழங்கால் தண்ணீரில் நின்று அடைத்தார்,
வெள்ளத்தை யாரோ அனுப்பிய ஆளைத் திட்டுவதுபோல்
திட்டிக்கொண்டே.
அப்படி ஒரு மடைக்காரனை நான் பார்த்ததில்லை.

நிஜ மடைக்காரனுக்கு இருபத்துநாலு சவுக்கடி,
எதிரியின் ஆள் என்று.
எண்ணுகிற வேலை எனக்கு.
பதினொன்றுக்குப் பிறகு பதினெட்டு என்றேன்.
கப்பித்தான் அப்போது பனைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
ஆறடி. என்னால் திருட முடிந்தது அவ்வளவுதான்.

தையில் அறுப்பு.
களத்துப் பக்கம் போனேன், ஏன் என்று தெரியாது.
கதிர்க்கட்டோடு எதிரே வந்தான் குப்பாண்டி.
கட்டை இறக்காமலே
காறித் துப்பினான், என் செருப்பில்.
அதை மொழிபெயர்க்கச் சொல்லி
யாரும் கேட்கவில்லை.

முகாமுக்குத் திரும்பினால் கப்பித்தான் முகமெல்லாம் வெளிச்சம்.
"பதினாறு!"
எண்ணிப் பார்த்தேன். பதினாறுதான்.
யாரோ களத்துக் கொட்டகைக்கு
ஒன்றை வெட்டிப் போயிருக்கிறார்கள்.
"எங்கே போயிற்று?" என்றார்.
"வடக்கே" என்றேன்,
எழுதிக்கொண்டே.