பதினேழு படி

ஐப்பசியில் ஒரு சாயங்காலம்
ஒரு மாதத்து மழை ஒரு மணி நேரத்தில் கொட்டியது.
கண்மாய் நிரம்பி, வாய்க்கால் நிரம்பி,
செல்லூரில் எங்கள் சந்தும் நிரம்பியது.
தண்ணீர் கேன் போட்டுப் பிழைக்கிறவன் நான்.
என் காலி கேன்கள் எல்லாம்
வாத்துக்கூட்டம்போல மிதந்து போயின.
இப்போது சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.
நானும்தான்.

சங்கவி சிரிப்பதில்லை.
ஏழு வயது. கட்டிலின் மேல் நாற்காலி,
நாற்காலியின் மேல் அவள்,
மடியில் பக்கத்து வீட்டுப் பூனை.
கட்டிலில் நின்றபடி தவமணி
அரிசி மூட்டையைத் தலையில் வைத்திருந்தாள்.
கரண்ட் போன இருட்டில் மூன்று மணி நேரம்.
நான் பாலத்துக்கு அந்தப் பக்கம்
வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் வடிந்தது நாலாம் நாள்.
சுவரில் ஒரு கோடு தங்கியது,
அவள் கழுத்து உயரத்தில்.
வெள்ளை அடித்தேன். மங்கலாகத் தெரிந்தது.
இன்னொரு பூச்சு அடித்தேன்.
அவளுக்கு மட்டும் தெரிந்தது.

கேனைக் கவிழ்த்தால் குளுக் குளுக் என்று கேட்குமே,
அதற்குக்கூடக் காதைப் பொத்தினாள்.
மேகம் கறுத்தால் பள்ளிக்கூடப் பையை
பீரோ மேல் ஏற்றினாள்.
படுக்கை நனைந்தது.
'எருமை வயசாச்சு' என்று ஒருநாள் வைதேன்.
வைத வாயைக் கழுவ
வண்டியிலிருந்த அத்தனை கேனும் பத்தாது.

இரவானால் ஒரே கேள்வி.
"இன்னைக்கு வருமாப்பா?"
"வராதுடா."
"சத்தியமா?"
"சத்தியமா."
மழைக்காகச் சத்தியம் செய்ய
நான் யார்?
அவளுக்கும் அது தெரியும். அதனால்தான்
மறுநாளும் கேட்டாள்.

பெரியாஸ்பத்திரியில் சீட்டு எழுதி, வரிசையில் நின்று,
கடைசியில் ஒரு சின்ன அறை.
அந்த டாக்டரம்மா பூனையைப் பற்றி மட்டும் கேட்டார்.
வெகுநேரம். அதன் பெயர், அது தின்பது,
அன்றைக்கு அது நடுங்கியதா.
"நடுங்கிச்சு. நான் தடவிக் குடுத்தேன்."
பிறகு என் பக்கம் திரும்பி,
"நீங்க தூங்குறீங்களா?"
பதில் சொல்ல வந்த என் தொண்டையில்
குளுக் என்றது.

திரும்பும்போது பாலத்தில் வண்டியை நிறுத்தினேன்.
ஆற்றில் தண்ணீரில்லை. நடுவில் மாடு மேய்ந்தது.
ஆறு காய்ந்து கிடக்கிற ஊரில்
வீட்டுக்குள் வந்த வெள்ளத்தை
இவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

அன்றிரவு அவள் கேட்டபோது
"தெரியலடா" என்றேன்.
எழுந்து உட்கார்ந்தாள்.
"வந்தா?"
"மாடிக்குப் போவோம். ஜெய்னம்பு அத்தை வீட்டுக்கு."
"கதவு பூட்டியிருந்தா?"
"வா, போய்ப் பாத்துருவோம்."

மணி பதினொன்றே முக்கால்.
அரிசி டப்பாவோடு மூன்று பேரும் ஏறினோம்.
அவள் எண்ணினாள். பதினேழு படி.
பன்னிரண்டாவது உடைந்திருக்கிறது.
ஜெய்னம்பு அக்கா தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்து
"என்னத்தா, மழையா?" என்று வானத்தைப் பார்த்தார்.
ஒன்றிரண்டு நட்சத்திரம் இருந்தது.
"இல்லத்தை, பழகிப் பாக்குறோம்."
மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை.
கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி
அவள் உள்ளங்கையில் வைத்தார்.

ஜெயித்துவிட்டோம் என்று சொல்லவரவில்லை.
படுக்கை இன்னும் சில நாள் நனைகிறது.
பை இன்னும் பீரோ மேல் ஏறுகிறது.
இப்போதெல்லாம் என் கணக்கு நோட்டையும்
கேட்டு வாங்கி ஏற்றிவைக்கிறாள்.

கார்த்திகை பிறந்து, நேற்று மழை.
தகரத்தில் விழுந்த சத்தத்தில் விழித்து
வாசற்கதவைத் திறந்து
சந்துக்குள் டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன்.
பின்னால் வந்து கைலியைப் பிடித்தாள்.
"பயமா இருக்காப்பா?"
இல்லை என்று வாய்வரை வந்தது.
அதை விழுங்கிவிட்டு
"கொஞ்சம்" என்றேன்.
கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியை வெளியே எடுத்து
ஆட்டிக் காட்டினாள்.
"பன்னெண்டாவது படி மட்டும்
பாத்து வா."