அறுபது டிகிரி

சுட்டதில்லை.
சுடும் ஓசையைக் கிட்டத்தில் கேட்டதுமில்லை.
தீபாவளி வெடிக்கே காதில் பஞ்சு அடைத்துக்கொள்பவள்.
சார்ஜென் ரொஸ்லியிடமும்
இதைத்தான் முதலில் சொன்னேன்.

பீடோரில் என் கடை, தையல் மெஷின் ரிப்பேர்.
செம்பனைக் குலை லாரி போனால்
டிராயருக்குள் ஊசிகள் நடுங்கும்.
பின்சுவரில் தொங்குகிறது
ரப்பர் மரத்தில் நானே கடைந்த போல்ட்,
லீ என்ஃபீல்டின் அடைப்புத் தண்டு.
அசலைப்போல் ஐந்து மடங்கு,
ஆயுதம் என்று கிறுக்கன்கூட நினைக்காத பருமன்.

நினைத்து, யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள்.

பையில் ஒற்றைத் தோட்டா கிடந்தாலே
வீட்டை விற்று வக்கீல் பிடிக்க வேண்டிய நாடு.
அதனால்தான் எனக்கு எல்லாம் காகிதத்தில்.
பதினேழு நோட்டுப் புத்தகம்,
சுருள், கொக்கி, விசைநாக்கு,
வெட்டுத் தோற்றம், பக்கத் தோற்றம்.
பக்கத்து ஹார்டுவேர் கடை லீ கேட்பார்:
“இந்த லீ எங்கள் ஆளா?”
இல்லை என்றால் நம்பமாட்டார்.

அடையாள அட்டையை உரக்கப் படித்தார் சார்ஜென்:
குமுதவல்லி, சடையன் மகள்.
சுவரைக் காட்டி, “இனி அபா?”

அது கேள்வியா? எனக்கு அது அழைப்பு.
இறக்கி மேசையில் வைத்தேன்.
ஜெர்மன்காரன் துப்பாக்கியில், சார்,
பிடியைத் தூக்கும்போதே சுருள் இறுகும்,
பாரமெல்லாம் முதல் அசைவில்.
இதில் தூக்குவது லேசு.
முன்னால் தள்ளி மூடும்போதுதான் இறுகும்,
உடம்பே கைக்குப் பின்னால் வந்து நிற்கிற நேரம்.
திருப்பல் அறுபது டிகிரி.
கதவுக் குமிழ்கூட இதைவிடச் சுற்றும்.
கை எந்த இடத்தில் களைக்கும் என்று
ஒருத்தன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான்.

“எதற்கு யோசித்தான்?” என்றார்.

லாரி ஒன்று போனது.
ஊசிகள் நடுங்கி அடங்கின.

“செகாலி லாகி” என்றார் பிறகு.
திருப்பிக் காட்டினேன்.
அப்புறம் அவரே திருப்பினார், நாலு தடவை.
நாலாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
காட்டுக்கென்று இதையே குட்டையாக்கினார்கள்,
குழாயைக் குறைத்து, இரும்பைச் சுரண்டி.
இளைத்ததும் அது எட்டி உதைத்தது.
தோள் தாங்க, கட்டையின் அடியில்
ரப்பர் பட்டை ஒன்று வைத்தார்கள்.

ரப்பர்.
அந்த ஒரு சொல்லில் மூன்று மாதம் நின்றேன்.
எந்தத் தோட்டத்துப் பால்?
எந்த வரிசையில், எந்த மரத்தில்,
யார் விடியுமுன் கீறியது?
ஆண்டைப் பார்த்தேன்: நாற்பத்து நான்கு.
இங்கே ஜப்பான்காரன் காலம்,
ஒரு பாளம் இங்கிருந்து போயிருக்க வழியில்லை.
சிலோன் பாலாக இருக்கலாம்.
போருக்கு முந்திய கையிருப்பாகவும் இருக்கலாம்
என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
ஏன் அப்படி ஆசைப்பட்டேன், தெரியவில்லை.
அவசரகாலத்தில் அதே துப்பாக்கி
முள்வேலிக்கு இந்தப் பக்கம் காவல் நின்றது.
என் பெரியப்பா அதைத் தோளில் தாங்கினார்.
வேலிக்கு உள்ளே அடைபட்டிருந்தது
லீயின் குடும்பம்.
நாங்கள் இருவரும்
ஸ்க்ரூ விலையைப் பற்றி மட்டும் பேசுவோம்.

பட்டை வயதானால் கல்லாகுமாம்.
தோளைக் காக்க வைத்தது
தோளைக் கன்றவைக்குமாம்.

போகும்போது சார்ஜென் சொன்னார்:
“மேலே ஒரு சீட்டு ஒட்டு. மரம் என்று எழுது.”
மறுநாள் மனைவியின் மெஷினைக் கொண்டுவந்தார்,
தையல் விட்டுவிட்டுப் போகிறதாம்.
கொக்கியின் நேரம் தப்பியிருந்தது,
நூலிழை அளவுதான்.

காயு என்று எழுதி ஒட்டினேன்.
தண்டின் பிடியோரம்
பால் வெட்டிய பழைய வடு
மரத்துக்குள்ளேயே மடிந்து கிடக்கிறது.
இழைப்புளியை அங்கே மட்டும்
ஓட்டவில்லை.